கர்ச்சீப் போட்ட இடம்

ஜானகியம்மாளுக்கு இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதோ ஓர் ஆபீசைப் பெருக்கித் துடைக்கிற வேலை அவருக்கு. மீஞ்சூரில் ஏறினால் கடைசிவரை நின்றுகொண்டேதான் வருவார். அன்றைக்கும் லேடீஸ் பெட்டியில் என் தலைக்கு மேலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு எடம் கீதா பாரு, எல்லாம் குந்திக்கினு அசையாம வருதுங்க" என்று பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் இடுப்புக்கு ஒரு முழம் தள்ளி, எனக்குப் பக்கத்தில், ஓர் இடம் காலியாக இருந்தது. அதன்மேல் நீலக் கரை போட்ட வெள்ளைக் கைக்குட்டை விரித்துக் கிடந்தது. ஜானகியம்மாளின் பார்வை ஜன்னலில் பட்டது, என்மேல் பட்டது, எதிரில் வாயைப் பிளந்து தூங்குகிறவள்மேல் பட்டது. அந்த இடத்தின்மேல் மட்டும் படவில்லை. ஆறு மாதமாகவே படவில்லை.

என் இடத்தையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாம். சில நாள் கொடுக்க எழுந்தும் இருக்கிறேன். ஆனால் நான் எழுந்துவிட்டால், நர்மதா வரும்போது யாரோ ஒருத்திக்குப் பக்கத்தில்தானே உட்கார வேண்டியிருக்கும்? அதை நினைத்ததும் மறுபடி உட்கார்ந்துவிடுவேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

எங்கள் வாப்பா அப்துல் ஜப்பாருக்குப் பழவேற்காட்டில் ஜவுளிக்கடை. கைலி, துண்டு, உள்பாவாடை, கைக்குட்டை எல்லாம் டஜன் கணக்கில் அடுக்கியிருக்கும். அவர் பெற்ற மகள் ரயிலில் கைக்குட்டை வாங்கினாள் என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும். ஆனாலும் வாங்கினேன். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், மே மாத வெயில், என் கைக்குட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். கண் தெரியாத சாலமோன் அண்ணன் தோளில் கைக்குட்டைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பெட்டி பெட்டியாக வருவார். "தொடைச்சா வேர்வ போவும், போட்டா எடம் நிக்கும், வர்ற ஆளுக்கு மட்டும் நிக்கும், வாங்கிக்கம்மா" என்று ஒரே ராகத்தில் சொல்வார். வியாபாரிகள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள். எங்கள் வாப்பா சாயம் போகாது என்று சொல்லாத கைலியா? ஒரே மாதிரி இரண்டு எடுத்துக்கொண்டேன்.

நான் வேலை பார்த்தது பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில். அச்சிலிருந்து விழுகிற மூடியின் விளிம்பில் நூல்போல ஒரு பிசிறு நிற்கும். அதைப் பிளேடால் சீவி எடுப்பதுதான் எட்டு மணி நேர வேலை. பேசினால் கை வெட்டுப்படும் என்று சூப்பர்வைசர் பேசவிட மாட்டார். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பொன்னேரியிலிருந்து ரயில், பிறகு மூடிகள், மறுபடி ரயில், பஸ். ஒரு நாளில் நான் பேசிய சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்தொன்பது வயதில் அது எவ்வளவு பெரிய தனிமை என்று அப்போது எனக்கே தெரியாது. பழகிப்போயிருந்தது.

கைக்குட்டை வாங்கிய அன்றைக்கே அது நடந்தது. பொன்னேரியில் காலேஜ் பெண்கள் ஒரு கும்பலாக இறங்குவார்கள். அந்த நொடியில் பாய்ந்தால்தான் இடம். பாய்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, முகம் துடைத்து நனைந்த கைக்குட்டையைப் பக்கத்து இடத்தில் காயப்போட்டேன். அவ்வளவு கூட்டத்திலும் யாரும் அதன்மேல் உட்காரவில்லை. அடுத்த ஸ்டேஷன் கவரைப்பேட்டையில் ஒருத்தி ஏறினாள். மாநிறம், ஒல்லி, தலையில் ஈரம் காயவில்லை. நேராக வந்தாள். கைக்குட்டையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள்மேல் பிஸ்கட் வாசனை அடித்தது.

"யாருக்கு எடம் போட்ட?" என்றாள்.

"யாருக்கும் இல்ல."

"அப்ப எனக்குத்தான்."

அவள்தான் நர்மதா. கவரைப்பேட்டைக்கு உள்ளே இரண்டு கிலோமீட்டரில் வீடு. அப்பா பூவராகவனுக்கு நாலு ஏக்கர் நெல் நிலம்; அவரை நைனா என்று கூப்பிடுவாள். சிப்காட்டில் பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை. எவ்வளவு குளித்தாலும் வெண்ணிலா எசென்ஸ் போகாது என்று அலுத்துக்கொள்வாள். உடைந்த பிஸ்கட்டைக் கம்பெனியில் அள்ளிக் கொடுப்பார்கள். அதைப் பழைய நோட்டுத்தாளில் மடித்துக் கொண்டுவருவாள். நான் உம்மா கட்டிக்கொடுத்த இடியாப்பத்தில் பாதியைத் தருவேன். கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒன்பது நிமிடம். சாயங்காலம் அவள் ஷிப்டு வேறு, என் ஷிப்டு வேறு. ஆகவே எங்களுக்கு இருந்தது அந்த ஒன்பது நிமிடம்தான்.

கைக்குட்டை விஷயம் சும்மா இல்லை என்று எனக்குப் பிடிபடச் சில வாரங்கள் ஆயின. நர்மதா வருகிற நாளெல்லாம் அந்த இடம் யார் கண்ணிலும் படாமல் நிற்கும். ஒருநாள் காய்ச்சலில் அவள் வரவில்லை. பொன்னேரி தாண்டுவதற்குள் ஒரு கிழங்குக்காரி கூடையோடு அதன்மேல் உட்கார்ந்தாள். இன்னொரு நாள் என் தங்கை மாஹிரா கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லி, "லாத்தா, எடம் போட்டு வை, பின்னாடியே ஓடியாறேன்" என்றாள். போட்டேன். உடனே ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாஹிரா பாயைவிட்டு எழுந்திருக்கவே இல்லையாம், தூக்கமாம். சாலமோன் அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. வருகிற ஆளுக்கு மட்டும்தான் நிற்கும். வருவேன் என்று வாயால் சொன்னால் போதாது.

நர்மதாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கைக்குட்டையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மொத நாளு என்னை உனக்குத் தெரியவே தெரியாதே. அதுக்குத் தெரிஞ்சிருக்குது பாரேன்" என்றாள். அதன் பிறகு உட்காரும்போது அவள் கைக்குட்டையை மடிக்கவில்லை. இரண்டு பேர் மடிமேலும் படும்படி அதை விரித்தாள். அதற்கு அடியில் அவள் சுண்டுவிரல் என் சுண்டுவிரலைத் தேடி வந்து கோத்துக்கொண்டது. என் விரல்களெல்லாம் பிளேடு கீறல். ஒவ்வொரு கீறலாகத் தடவி, "இது நேத்து இல்ல, இது புதுசு" என்பாள். அவளைத் தவிர யாரும் என் கையைப் பார்த்ததில்லை. எனக்கு அவள்மேல் ஆசை என்பதும், அது சிநேகிதிமேல் வைக்கிற ஆசை இல்லை என்பதும் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் கும்மிடிப்பூண்டி வந்து எல்லாரும் இறங்கிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. "உன்னத் தவிர யாரு பக்கத்துலயும் எனக்குக் குந்தத் தோணல நாஜி. எங்கயுமே" என்றாள். ரயில் திரும்பக் கிளம்ப ஹாரன் அடித்ததும் இரண்டு பேரும் குதித்து ஓடினோம். அன்றைக்கு முழுக்க மூடிகள் ஒவ்வொன்றும் அழகாக இருந்தன.

அடுத்த வருஷம் ஜூலையில் பொதட்டூர்பேட்டையில் அவள் அத்தை குணசுந்தரி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அந்த வீட்டில் வேறு பெண்கள் இல்லை. நர்மதா போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் அப்பா முடிவு செய்தார். அத்தைக்கு மணிகண்டன் என்று ஒரு மகன். போகிறவள் அப்படியே அங்கேயே இருந்துவிட்டால் நல்லது என்று பெரியவர்களுக்கு ஒரு கணக்கு.

"மணிகண்டன் நல்ல மாதிரிதான். என்னால முடியாதுன்னு நைனாகிட்ட சொல்லிட்டேன். அது காதுலயே வாங்கல. தைக்கு அப்புறம் பேசிக்கலாம்னு போய்க்கினே இருக்குது" என்றாள் நர்மதா. "அத்தை எழுந்து நடந்தா வந்துர்றேன். எடம் போட்டு வை."

"போடுறேன்."

"நீ மட்டும்தான் போடணுமா? எனக்கும் ஒண்ணு குடு."

பையில் இருந்த இரண்டாவது கைக்குட்டையைக் கொடுத்தேன். முகத்தோடு சேர்த்து ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

அதற்கப்புறம் நான் தினமும் இடம் போட்டேன். நர்மதா ஏறமாட்டாள் என்று தெரிந்தும், கவரைப்பேட்டை வந்ததும் என் கண் வாசலுக்குப் போய்விடும். அவள் வரவில்லை. ஆனால் இடம் நின்றது! காய்ச்சல் நாளில் ஒரு நிமிடம் நிற்காத இடம், இப்போது மாதக்கணக்கில் நின்றது. அப்படியென்றால் அவள் வந்துகொண்டிருக்கிறாள். இன்றைக்கு இல்லாவிட்டாலும், மனதுக்குள் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, வந்துகொண்டிருக்கிறாள். அந்தக் காலி இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். ரெக்சின் சூடாக இருப்பதுபோலத் தோன்றும். வெயிலாகவும் இருக்கலாம். உடைந்த பிஸ்கட் இல்லாமல் இடியாப்பத்தை முழுசாகத் தின்றேன். பிறகு அதையும் பாதியில் மூடி வைத்துவிடுவேன்.

வீட்டில் நான் இளைத்துப்போனதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உம்மா மெஹர்னிசா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே, "சிநேகிதிதானே போயிட்டா? வேற சிநேகிதி கெடைக்க மாட்டாளா? இதுக்குப் போயி ஒரு பேஜாரா?" என்றார். உம்மாமேல் தப்பில்லை. நர்மதா எனக்கு யார் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒரு சொல் இல்லை. சொல் இருந்திருந்தால் அழுதிருப்பேன். இல்லாததால் தலைவலி என்றேன்.

டிசம்பரில் ஒருநாள் கடைக்கு ஒரு போன் வந்திருக்கிறது. அன்று இரவுச் சாப்பாட்டில் வாப்பா சொன்னார். "நர்மதான்னு ஒரு புள்ள பேசுச்சும்மா. கூட ரயில்ல வந்த புள்ளயாமே. அத்தைக்கு இப்போ கொஞ்சம் பரவாயில்லையாம், பகல்ல திருத்தணியில மெடிக்கல் ஷாப்புல வேல செய்யுதாம். சாயங்காலம் அஞ்சரை மணி பொதட்டூர்பேட்டை பஸ்ஸுல ஊட்டுக்குப் போவுதாம். தெனமும் அதுல கர்ச்சீப் போடுதாம். அத மட்டும் உங்கிட்ட சொல்லச் சொல்லுச்சு." சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா கர்ச்சீப்பும்மா? நம்ம கடையில எடுத்ததா?"

"ஆமா வாப்பா" என்றேன்.

எனக்குப் புரியாமல் இல்லை. யாருக்காகப் போடுகிறாள் என்றும் புரிந்தது, எதற்காக அந்த நேரத்தைச் சொன்னாள் என்றும் புரிந்தது. பயம்தான். பழவேற்காட்டிலிருந்து திருத்தணி எங்கே இருக்கிறது, என்ன சொல்லிவிட்டுப் போவது, போய் என்ன பேசுவது, யாராவது யார் நீ என்று கேட்டால் என்ன சொல்வது? இப்படி நூறு கேள்விகளை நானே கேட்டு நானே மலைத்துப்போய், இங்கேதான் இடம் நிற்கிறதே, அவள் வந்துவிடுவாளே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். காத்திருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. கைக்குட்டையை விரித்துவிட்டு உட்கார்ந்தால் போதும். டிசம்பர் முடிந்தது. பொங்கலும் வந்து போனது.

பொங்கல் லீவு முடிந்து போன அன்றைக்குத்தான் ஜானகியம்மாள் அப்படிக் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். ரயில் பொன்னேரியைத் தாண்டிக் கவரைப்பேட்டைக்கு வேகம் குறைக்கிற இடம். அவர் குனிந்தார். என் பக்கத்தில் பார்த்தார். நேராக, அந்த இடத்தையே பார்த்தார்.

"அட, இங்க காலியாத்தானே கீது!" என்றார்.

நான் கையை நீட்டுவதற்குள், 'அப்பாடா' என்று உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டை அவர் புடவைக்கு அடியில் போய்விட்டது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்து, "ஏம்மா, சொல்லக் கூடாதா? எம்மாநேரமா நின்னுகினு வரேன்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. ஆறு மாதமாக அந்த நிம்மதியை நான் அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தேன் என்று பட்டது. அதற்காகவாவது வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. நர்மதா வரமாட்டாள். இனிமேல் வரமாட்டாள்.

"கொஞ்சம் எழுந்திருங்கம்மா, என் கர்ச்சீப்பு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, கவரைப்பேட்டையில் இறங்கிவிட்டேன். என் இடத்தில் தன் பையைத் தூக்கி வைத்துக்கொண்டார் ஜானகியம்மாள்.

பிளாட்பாரத்தில் சிமெண்ட் பெஞ்சு. நர்மதா ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் இதில்தான் உட்கார்ந்து என் ரயிலுக்குக் காத்திருந்திருப்பாள். அங்கே உட்கார்ந்தேன். கும்மிடிப்பூண்டி போகிற ரயில் ஒன்று போனது, சென்னை போகிற ரயில் இரண்டு போயின, விஜயவாடா பக்கம் ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் போய்த் தூசியை வாரி முகத்தில் அடித்தது. கம்பெனியில் என் மேஜையில் மூடிகள் குவிந்துகொண்டிருக்கும். அழுகை வந்தது, யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதேன். அந்தக் கைக்குட்டையில்தான் மூக்கைச் சிந்தினேன். அதற்கு வேறு என்ன மரியாதை?

அப்போதுதான் அவளுடைய கைக்குட்டை ஞாபகம் வந்தது. நான் என்னுடையதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, அவளுடையதைப் பற்றி ஒரு நாளும் நினைக்கவில்லை. என் பக்கத்தில் இடம் நின்றது, அவள் வருவதாக இருந்ததால். அவள் பக்கத்தில்? நான் போவதாக இல்லையே. அப்படியென்றால் திருத்தணி பஸ்ஸில் தினமும் சாயங்காலம் அவள் கைக்குட்டையை விரித்திருப்பாள், தினமும் யாராவது வந்து அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள். பூக்கூடையோடு ஒருத்தி, குழந்தையோடு ஒருத்தி. ஒவ்வொரு நாளும் நாஜி வரமாட்டாள், நாஜி வரமாட்டாள் என்று அந்த இடம் அவளுக்குச் சொல்லியிருக்கும். தெரிந்தும் மறுநாள் போட்டிருக்கிறாள். போன் செய்து சொன்ன பிறகும் போட்டிருக்கிறாள். எத்தனை நாள்! யாரோ உட்கார்ந்து கசங்கிய துணியை இழுத்து எடுத்து உதறி மடித்து வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். பொங்கலோடு அவளுக்கு விட்டுப்போயிருக்கும். யாருக்குத்தான் விட்டுப்போகாது?

எழுந்தேன். ரோட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். டீக்கடையில் கேட்டதற்கு, பெரியபாளையம் போய் அங்கிருந்து திருவள்ளூர் பஸ் பிடிக்கச் சொன்னார்கள். பெரியபாளையத்தில் இறங்கியபோது எதிரில் பொன்னேரி பஸ் நின்றது. அதில் ஏறினால் சாயங்காலம் வழக்கம்போல வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தப் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்டக்டர், "ஏறும்மா, இன்னா யோசன?" என்றார். காலை எடுத்துவிட்டேன். அதற்குள் ஒரு திருவள்ளூர் பஸ் போய்விட்டது. அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்துத்தான்.

திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடைக்குப் போன் செய்தேன். "வாப்பா, நான் திருத்தணி போறேன். நர்மதாவப் பாக்க. ராவு லேட்டாவும்" என்றேன். வாப்பாவுக்குப் பின்னால் யாரோ துண்டு விலை கேட்பது கேட்டது. "கையில பைசா கீதா?" என்றார். இருக்கிறது என்றேன். "பாத்துப் போம்மா" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு வேறு என்னென்ன கேட்பாரோ தெரியாது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

திருத்தணியில் இறங்கியபோது மணி ஐந்து இருபத்தைந்து. பஸ் ஸ்டாண்டு முழுக்க மொட்டைத் தலைகளும் சந்தனமுமாகக் கோயிலிலிருந்து இறங்கிய கூட்டம். பொதட்டூர்பேட்டை பஸ் எது என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்றாவது ஆள் கைகாட்டிய பஸ் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. ஓடினேன். செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்பக்கப் படியில்கூடத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கப் படியில் ஒரு கால் வைக்க இடம் கிடைத்தது.

உள்ளே நெருக்கித் தள்ளிக்கொண்டு நின்றார்கள். பால் கேன், நெசவுப் பாவு மூட்டை, ஒருத்தர் தோளில் இன்னொருத்தர் முகம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், "கொஞ்சம் எடம் குடுங்கண்ணே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மிகப் பக்கத்தில், மூன்றாவது வரிசையில், ஓர் இடம் காலியாக இருந்தது. கண்டக்டர் அதைத் தாண்டிப் போனார். குழந்தைக்காரியும் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் நீலக் கரை போட்ட கைக்குட்டை, நாலு மூலையும் இழுத்துச் சமமாக விரித்தபடி கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் வெளியே பார்க்கவில்லை. வாசல் பக்கமும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், யாரும் உட்காராத அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.